அங்குலக் கொள்ளை

சரீரம் பருத்தவர்கள் ஆகாய விமானத்தில் ஏறவேண்டுமானால் இரண்டு டிக்கட் வாங்கித் தீரவேண்டும் என்கின்ற பேச்சு இன்று உலகத்தில் பல தேசங்களில் நடந்துவருகின்றது. இப்படிச் சொல்லுகின்றவர்கள் விமானக் கம்பெனி முதலாளிமார்கள் மாத்திரமல்ல. பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து விலா நசுங்கிய ஒல்லியான கனவான்களும் "ஆமாம், அதுதானே நியாயம்" என்று தலையை ஆட்டுகின்றார்கள். நம் வாசகர்களில் சிலர் விமானம் ஏறியிருக்கலாம், பலர் ஏறியிருக்கமாட்டார்கள். ஏறாதவர்களுக்கு இந்த வழக்கு எதற்கு என்று யாராவது கேட்பார்களானால், அவர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்: படியைச் சிறிதாகச் செய்து வைத்துக்கொண்டு, அரிசி வாங்க வந்தவனைப் பார்த்து "உன் வயிறு பெரிது" என்று வைகின்ற கடைக்காரனை நீங்கள் கண்டதில்லையா? இது அந்தக் கடைக்காரன் வியாபாரந்தான். கடை ஆகாயத்தில் இருக்கின்றது என்பதைத் தவிர வேறு வித்தியாசமில்லை.

முதலில் நடந்த சங்கதியைப் பார்ப்போம். அமெரிக்காவில் சௌத்வெஸ்ட் என்று ஒரு பெரிய விமானக் கம்பெனி இருக்கின்றது. ஒரு ஆசனத்தின் இரண்டு கைப்பிடிகளையும் இறக்கி வைத்துக்கொண்டு அதற்குள் அடங்கி உட்கார முடியாதவர்கள், பக்கத்து ஆசனத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, பிரயாணம் முடிந்த பிறகு இரண்டாவது டிக்கட்டின் பணத்தைத் திருப்பிப் பெற்றுக்கொள்ளலாம் என்று அந்தக் கம்பெனி வெகுகாலம் வைத்திருந்தது. வாசலில் வந்து கேட்டாலும் கூடுதல் ஆசனம் கொடுப்பார்கள். அந்தக் கம்பெனியைப் பருத்தவர்கள் தேடிப்போய் ஏறினதற்குக் காரணமே இதுதான். ஆனால் 2026 ஜனவரி 27 முதல் அது மாறிற்று. முன்கூட்டியே இரண்டாவது ஆசனத்தை வாங்கியாகவேண்டும். அந்த விமானத்தில் ஒரு ஆசனமாவது காலியாகப் போயிருந்தால்தான் பணம் திரும்பும். அதற்கும் மனுக் கொடுக்கவேண்டும், கெடு உண்டு. விமானம் நிறைந்து போனால் பணம் போனது போனதுதான். விமானம் நிறைவதும் நிறையாததும் பிரயாணியின் கையிலா இருக்கின்றது? பணம் கொடுத்தவன் தன் பணம் திரும்புமா என்பதை அறியச் சோசியனிடந்தான் போகவேண்டும் போலிருக்கின்றது!

இனி, ஆளின் சரீரம் பெரிதா, ஆசனம் சிறிதா என்கின்ற கேள்வியைக் கவனிப்போம். 2017ம் வருஷத்தில் வாஷிங்டன் நகரத்து அப்பீல் கோர்ட்டில் பிரயாணிகள் சங்கம் ஒன்று போட்ட வழக்கில் இந்தக் கணக்கு வெளியாயிற்று. ஒரு ஆசனத்துக்கும் அதற்கு முன்னால் உள்ள ஆசனத்துக்கும் நடுவில் உள்ள தூரம் 1970க்கு அடுத்த வருஷங்களில் சராசரி 35 அங்குலமாக இருந்தது. அது 31 அங்குலமாகக் குறைந்து, சில விமானங்களில் 28 அங்குலம் வரைக்கும் வந்துவிட்டது. அகலமோ 2000ம் வருஷத்தையொட்டி ஏறக்குறைய 18½ அங்குலமாக இருந்தது, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் 17 அங்குலமாயிற்று. தீர்ப்பு எழுதிய பட்ரிஷியா மில்லெட் என்னும் பெண் நீதிபதி, ஆசனம் சுருங்கிக்கொண்டே போகின்றது, ஜனங்கள் வளர்ந்துகொண்டே போகின்றார்கள் என்று சற்றுப் பரிகாசமாகவே எழுதியிருந்தார்.

இந்தச் சுருக்கம் எப்படி நடந்தது என்பதுதான் வேடிக்கை. போயிங் 777 என்று ஒரு பெரிய விமானம். அதன் பின் வகுப்பில் ஒரு வரிசைக்கு 9 பேர் என்று பல கம்பெனிகள் முதலில் ஆசனம் போட்டிருந்தன. பிறகு அதே வரிசையில் 10 பேரை உட்காரவைத்தார்கள். விமானத்தின் வயிறு ஒரு அங்குலமாவது அகலமாயிற்றா? இல்லை. பிறகு அந்தப் பத்தாவது ஆசனத்துக்கு இடம் எங்கிருந்து வந்தது? ஒன்பது பேருடைய இடுப்பிலிருந்தும் தோளிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் கிள்ளி எடுத்தார்கள். அந்த வகுப்பில் 30 வரிசை என்று வைத்துக்கொண்டால் ஒரு தடவை பறப்பதற்கு 30 டிக்கட் கூடுதல் வரும்படி. 787 என்கின்ற விமானத்தின் கதையும் இதேதான். 8 பேர் தாராளமாய் உட்காரத்தக்க வரிசையில் 9 பேரை வைப்பதே பெரும்பாலான கம்பெனிகளின் வழக்கமாகிவிட்டது. இப்படி ஒன்பது பேரிடம் அங்குலம் அங்குலமாகத் திருடிவிட்டு, அந்தத் திருட்டினால் இடம் போதாமற்போன ஒருவனைப் பார்த்து "நீ பக்கத்தான் இடத்தைத் திருடுகின்றாய், அபராதம் கட்டு" என்று சொல்லுவது எவ்வளவு நெஞ்சழுத்தம்!

அபராதத்தின் அளவையும் பாருங்கள். அவனுக்கு வேண்டியது 20 அங்குலம். கம்பெனியார் விற்பது 17 அங்குலம். குறைகின்ற 3 அங்குலத்துக்கு அவன் இன்னொரு 17 அங்குலம் முழுவதையும் வாங்கவேண்டுமாம். வேஷ்டி மூன்று அங்குலம் போதவில்லை என்று ஜவுளிக் கடையில் சொன்னால், "இன்னொரு வேஷ்டி எடுத்துக்கொள்" என்று சொல்லுகின்ற வியாபாரியை ஊரில் விட்டுவைப்பார்களா? 20 அங்குல ஆசனம் சிலவற்றைப் பின் வகுப்பிலேயே போட்டு, நியாயமான விலை சற்றுக் கூட வைத்தாலாவது பேசுவதற்கு இடமுண்டு. அதைச் செய்யமாட்டார்கள். அகலமான ஆசனமெல்லாம் திரைக்கு முன்னாலேதான் இருக்கும். அதன் விலையோ பின் வகுப்பு விலையைப் போல் பல மடங்கு.

நிற்க, "கனம் அதிகமானால் எண்ணெய்ச் செலவு அதிகம், அதற்கு அவன்தானே கொடுக்கவேண்டும்?" என்று ஒரு ஆக்ஷேபணை சொல்லுகின்றார்கள். இது பார்வைக்குப் பகுத்தறிவு போலவே தோன்றும். ஆதலால் இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகப் பார்க்கவேண்டியிருக்கின்றது.

இவர்கள் விற்பது ஆசனமா, கனமா? முதலில் அதைச் சொல்லட்டும். இரண்டு வயது நிரம்பிய குழந்தைக்குத் தனி டிக்கட் வாங்கவேண்டும் என்கின்றார்கள். பல கம்பெனிகளில் அதற்குக் கட்டணம் பெரியவர்களுக்கு உள்ளதேதான், அல்லது சற்றே குறைவு. 12 கிலோ குழந்தைக்கு ஏன் 70 கிலோ ஆளின் கூலி என்று தாய் கேட்டால், "அம்மா, நாங்கள் கனத்தைப் பார்ப்பதில்லை, ஆசனத்தைத்தான் விற்கின்றோம்" என்று சமாதானம் சொல்லுகின்றார்கள். சரி, ஒப்புக்கொள்வோம். அடுத்தாற்போல் 120 கிலோ ஆள் வந்து நின்றால், "ஐயா, கனத்துக்குத் தக்கபடி எண்ணெய் செலவாகின்றதே" என்கின்றார்கள். ஒரே நாக்கு, ஒரே ஜன்னல், இரண்டு நியாயம்! குழந்தையிடம் வாங்குவதற்கு ஆசன நியாயம், பெரியவனிடம் வாங்குவதற்குக் கன நியாயம். 45 கிலோ உள்ள கிழவிக்கு எந்த நியாயப்படியாவது காலணா தள்ளிக் கொடுத்ததுண்டா?

கனத்துக்குத் தக்க கூலி என்பதை ஒளிவுமறைவில்லாமல் செய்து பார்த்தவர்களும் இருந்தார்கள். பசிபிக் சமுத்திரத்தில் சமோவா என்னும் தீவுகளில் சமோவா ஏர் என்கின்ற சிறு கம்பெனி 2013ல் ஆளையும் மூட்டையையும் சேர்த்துத் தராசில் நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிற்று. அதைப் பற்றி உலகமெல்லாம் சிரித்தது. நாம் சிரிக்கமாட்டோம். ஏனென்றால் அவர்கள் ஓட்டினது பத்துப்பேர் ஏறத்தக்க சிறிய விமானம். அதில் ஒரு ஆளின் கனம் மெய்யாகவே பெரிய விஷயம். மேலும் தராசு எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது. குழந்தைகளோடு போன குடும்பத்துக்குக் கூலி குறைந்தது. மிகவும் பருத்தவர்களுக்கென்று அகலமான வரிசையும் ஏற்படுத்தினார்கள். அந்த ஏற்பாட்டை நாம் ஆதரிக்கவில்லை. மனிதனை வெல்ல மூட்டையைப் போல் நிறுத்து விலை சொல்லுவது அவமானந்தான். என்றாலும் அதில் ஒரு வழி நியாயமாவது இருந்தது. பெரிய கம்பெனிகள் கேட்பதோ, தராசின் ஒரு தட்டு மாத்திரம் வேண்டும், மற்றொரு தட்டு வேண்டாம் என்பதாகும்.

போயிங் 737 விமானத்தின் ஒரு சாதாரண வகை, கிளம்பும்போது சுமார் 79 டன் வரையில் கனக்கலாம். ஒருவன் மற்றவனைவிட 40 கிலோ அதிகம் என்றால் அது மொத்தக் கனத்தில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இதற்காக முழு டிக்கட் இன்னொன்றா? எண்ணெய் என்பதோ கம்பெனிச் செலவு முழுவதும் அல்ல. விமானக் கிரயம், சம்பளம், விமான நிலையக் கூலி, ரிப்பேர் எல்லாம் ஒல்லியானவனுக்கும் பருத்தவனுக்கும் ஒன்றுதானே?

கனம் விஷயமாய் அக்கறை வேண்டிய இடம் ஒன்று உண்டு; அதை மறைக்கக்கூடாது. 2003 ஜனவரி 8ந் தேதி அமெரிக்காவில் சார்லட் என்னும் ஊரில் 19 பேர் ஏறத்தக்க ஒரு சிறு விமானம் கிளம்பின உடனே விழுந்து, அதிலிருந்த 21 பேரும் செத்தார்கள். பின் இறக்கையின் கம்பியைத் தப்பாக மாட்டினதோடு, பிரயாணிகளின் சராசரிக் கனத்தைப் பழைய கணக்குப்படி குறைத்துப் போட்டதும் காரணம் என்று விசாரணையில் ஏற்பட்டது. அதன் பிறகு சராசரியைக் கூட்டினார்கள். 2023ல் நியூசிலாந்து தேசத்துக் கம்பெனி ஆக்லாந்து விமான நிலையத்தில் பிரயாணிகளை நிறுத்துப் பார்த்தது. 2024ல் பின்லாந்துக் கம்பெனி ஹெல்சிங்கியில் அப்படியே செய்தது. பேர் எழுதாமல், இஷ்டப்பட்டவர்களை மாத்திரம் நிறுத்தார்கள். ஆபத்தில்லாமல் பறப்பதற்குக் கனம் தெரியவேண்டியதுதான். அதை அறிவதற்கு ஒருவனை வெட்கப்படுத்தவும் வேண்டியதில்லை, பணம் பிடுங்கவும் வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னும் சிலர், "அவன் கண்டபடி தின்று பருத்தான், அனுபவிக்கட்டும்" என்கின்றார்கள். நம் தேசத்தில் குருடனையும் நொண்டியையும் பார்த்துப் பூர்வஜென்ம பாவம் என்று சொல்லுகின்ற புராணிகர் பாஷைதான் இது. சட்டை மாத்திரம் புதிது. சுரப்பிக் கோளாறினால் பருத்தவர் உண்டு, மருந்தினால் பருத்தவர் உண்டு, வம்சவழியில் பருத்தவர் உண்டு. அவர்களையெல்லாம் விட்டுவிட்டாலும், தோள் அகலம் என்பது எலும்பல்லவா? மூட்டை தூக்கித் தோள் விரிந்தவன் எந்தப் பட்டினி கிடந்து அதைச் சுருக்குவான்? ஆறடிக்கு மேல் உயர்ந்தவன் 28 அங்குலத்தில் முழங்காலை எங்கே வைப்பான்? எட்டு மாதக் கர்ப்பிணி எதைத் தின்று பருத்தாள்? நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் அளவில்லாச் சாப்பாடு போடுகின்றவன்கூட, நாலு தடவை சோறு வாங்குகின்றவனிடமும் ஒரு தடவை வாங்குகின்றவனிடமும் ஒரே விலைதான் வாங்குகின்றான். அவனுக்குள்ள பெருந்தன்மை கோடிக்கணக்கில் மூலதனம் போட்டவர்களுக்கு இல்லை.

பக்கத்து ஆசனத்துக்காரர் சங்கடம் மெய்யானதுதான். அவரும் பணம் கொடுத்து வந்தவர். ஆறு மணி நேரம் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு நோகாதா? ஆனால் அவர் முறைக்க வேண்டியது பக்கத்திலிருப்பவரை அல்ல. ஒரே நிலத்தை இரண்டு பேருக்குக் கிரயம் எழுதிக்கொடுத்தவன் ஊரைவிட்டு ஓடிவிட, வாங்கின இரண்டு பேரும் வரப்பில் நின்று அடித்துக்கொள்வது போல் இருக்கின்றது இது. இருவரும் சேர்ந்து எழுதினவனைக் கேட்டால் விஷயம் அன்றே தீர்ந்துபோகும். அப்படிச் சேர்ந்துவிடக்கூடாது என்பதில்தான் கம்பெனிக்கு லாபம்.

"இதையெல்லாம் பேசலாம், நடத்த முடியுமா? கம்பெனி திவாலாகிவிடுமே" என்பவர்களுக்கு கனடா தேசத்தைக் காட்டுகின்றோம். அங்குள்ள போக்குவரத்து விசாரணைச் சபை 2008 ஜனவரியில் 'ஒரு ஆளுக்கு ஒரே கட்டணம்' என்று தீர்ப்புச் செய்தது. சரீரப் பருமனால் ஒரு ஆசனத்தில் உட்காரமுடியாத ஊனம் ஏற்பட்டவர்களுக்கும், துணை ஆளில்லாமல் பிரயாணம் செய்யமுடியாத ஊனமுள்ளவர்களுக்கும், உள்நாட்டு விமானத்தில் இரண்டாவது ஆசனத்துக்குப் பணம் வாங்கக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. ஏர் கனடாவும் வெஸ்ட்ஜெட்டும் கூச்சல் போட்டு மேல்கோர்ட்டுக்குப் போயின. அந்த வருஷம் நவம்பரில் அத்தேசத்து சுப்ரீம் கோர்ட்டு அப்பீலை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. 2009 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. இதனால் நஷ்டம் எவ்வளவு என்று அந்தச் சபையே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தது: டிக்கட் ஒன்றுக்கு ஏர் கனடாவுக்கு சுமார் 77 சென்ட், வெஸ்ட்ஜெட்டுக்கு 44 சென்ட். ஒரு டாலர்கூட இல்லை! அந்தச் சில்லறைக்காக ஊனமானவர்களை இரண்டு டிக்கட் வாங்கவைத்து எத்தனை வருஷம் வயிறு வளர்த்திருக்கின்றார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்தத் தீர்ப்பிலும் குறையில்லாமலில்லை. வெளிதேசப் பிரயாணத்துக்கு அது செல்லாது. டாக்டர் காயிதம் முதலிய தொல்லைகள் உண்டு. ஆனாலும் இரண்டு கம்பெனிகளும் திவாலாகாமல் பறந்துகொண்டுதான் இருக்கின்றன.

அமெரிக்க சர்க்கார் நடத்தின கூத்து இதற்கு நேர்மாறானது. ஆசனத்துக்குக் குறைந்தபட்ச அளவு ஒரு வருஷத்துக்குள் ஏற்படுத்தவேண்டும் என்று 2018 அக்டோபரில் சட்டம் செய்தார்கள். ஆபத்து வந்தால் பாதி வாசல்களின் வழியாகவே 90 விநாடிக்குள் எல்லாரும் வெளியேற முடியவேண்டும் என்பது அங்குள்ள பழைய விதி. ஆகவே குறுகலான ஆசனத்திலிருந்து ஜனங்கள் வெளியேறுகின்றார்களா என்று 2019 கடைசியிலும் 2020 துவக்கத்திலும் ஓக்லஹோமா நகரத்தில் பரீட்சை வைத்தார்கள். 775 பேர் வந்தார்கள். யார் அவர்கள்? 18 வயது முதல் 60 வயதுக்குட்பட்ட, கைகால் திடமாக உள்ளவர்கள். கிழவர் இல்லை, குழந்தை இல்லை, நொண்டி இல்லை. குஸ்திக்காரனை ஓடவிட்டு, படிக்கட்டு கிழவிக்குப் போதும் என்று சொன்ன கதை! ஆசன அளவால் ஒன்றும் கெடுதலில்லை என்று முடிவு எழுதினார்கள். ஆனால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளமுடியாது என்று விமான இலாகா அதிகாரியே பிறகு ஒப்புக்கொண்டார். 2022ல் பொதுஜன அபிப்பிராயம் கேட்டார்கள். 26,000க்கு மேல் கடிதங்கள் வந்து குவிந்தன. அளவு வரவில்லை. பிரயாணிகள் சங்கம் மறுபடியும் கோர்ட்டுக்குப் போயிற்று. அளவு போடும்படி இலாகாவைக் கட்டாயப்படுத்துவதற்குச் சட்டத்தில் தெளிவான இடமில்லை என்று 2023 மார்ச்சில் கோர்ட்டும் மனுவைத் தள்ளிவிட்டது.