கல்லா முன்னால் நிற்கும் வரி

வரி உயர்த்திய ஆட்சியாளர் தேர்தலில் தோற்றார் என்று கேட்டால் நம்மவர்களுக்கு ஒரு சந்தோஷம். எனக்கும் உண்டு. ஆனால் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில கவர்னராக இருந்த ஜிம் புளோரியோவின் கதையை முழுக்கப் பார்த்தால் அந்தச் சந்தோஷம் பாதியாகிவிடுகிறது. (அங்கே கவர்னர் என்பவர் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சர் மாதிரி.)

புதிய வரிக்குத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லித்தான் 1989 தேர்தலில் அவர் ஜெயித்தார். 1990-ல் பதவியேற்றால் கஜானாவில் துண்டு விழுகிறது. ஏழை ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குக் கூடுதல் பணம் தரவேண்டும் என்று கோர்ட் தீர்ப்பு வேறு. ஒரே மூச்சில் 280 கோடி டாலருக்கு வரி போட்டார். வருமான வரியின் உச்ச விகிதம் 3.5 சதவீதத்திலிருந்து 7 ஆயிற்று. விற்பனை வரி 6-லிருந்து 7. அதுவரை வரி இல்லாதிருந்த சோப்பு, டாய்லெட் பேப்பருக்கும் வரி வந்தது.

வருமான வரி உயர்வு விழுந்தது வசதியுள்ளவர்கள் தலையில். ஆனாலும் ஜனங்கள் கண்டனக் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தது டாய்லெட் பேப்பர் சுருளைத்தான்! கடைக்காரனுக்கு இதில் ஆச்சரியமில்லை. வருமான வரி சம்பளத்தோடு கழிந்துவிடும். சோப்புக்கான வரியைக் கல்லா முன்னால் நின்று, சில்லறை எண்ணிக் கொடுக்கவேண்டும். திட்டு வாங்குகிறவன் பில் போடுகிறவன். நாற்பது வருஷமாக நானும் வாங்கியிருக்கிறேன்.

1991-ல் சட்டசபையின் இரு அவைகளும் எதிர்க்கட்சி கைக்குப் போயின. 1992-ல் விற்பனை வரி பழையபடி 6-க்கு இறங்கியது. அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. 1993-ல் கிறிஸ்டின் டாட் விட்மன் என்ற அம்மையாரிடம் சுமார் 26,000 ஓட்டில் தோற்றார். பதிவானவை 25 லட்சம் ஓட்டுகள்.

வருமான வரியை 30 சதவீதம் குறைப்பேன் என்ற அம்மையார், சொன்னபடி குறைத்தார். ஆனால் 1997-ல், அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிக்காக அவர் அரசு கடன் பத்திரம் வெளியிட்டது. தொகை சுமார் 280 கோடி டாலர்!

கடனுக்குச் சரக்கெடுத்து, கல்லா நிறைந்திருக்கிறது என்று காட்டும் வியாபாரியை நாம் நம்பமாட்டோம். வரியைக் குறை என்று மனுக் கொடுக்கும்போது எந்தச் செலவைக் குறைப்பது என்றும் நம் சங்கம் எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து. நியூ ஜெர்சியில் 2006-ல் விற்பனை வரி மறுபடி 7 சதவீதம் ஆனது. அதைக் கொண்டுவந்த கவர்னர் ஜான் கார்சைனும் 2009-ல் தோற்றார்.