ரெண்டும் ஒண்ணுதான் சார்!

புனேக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம். லோன் கேட்டு வந்த ஒரு பெரியவர், நான் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்ததும், "தூஸ்ரா பர்யாய் நாஹீ கா?" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அதற்கு முன் லக்னோவில் இருந்தவன் நான். அங்கே பர்யாய் என்றால், என் பெண் ஹிந்திப் பரீட்சைக்கு உருப்போடும் 'பர்யாய்வாசி ஷப்த்', அதாவது ஒரே பொருள் தரும் வேறு சொல். லோன் கிடைக்காத மனுஷன் எதற்காக என்னிடம் வேறு சொல் கேட்கிறார்?

பிறகுதான் தெரிந்தது, மராத்தியில் பர்யாய் என்றால் மாற்று வழி. "வேறு வழியே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார் பாவம்.

நான் பி.காம்.காரன். மொழியியலுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. ஆனால் இந்த ஒரு சொல் என்னை விடவில்லை. 'ஒரே பொருள்' என்பதைக் குறிக்கும் சொல்லுக்கே ஊருக்கு ஊர் வேறு பொருள் என்றால் வேடிக்கைதானே?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வங்காளத்தில் அது 'பொர்ஜாய்'. கட்டம், நிலை என்று பொருள். தாகூரின் கீதபிதானில் பாட்டுகளைப் பூஜை, சுதேசம், பிரேமம், இயற்கை என்று பிரித்து வைத்திருக்கிறார்களே, அந்தப் பிரிவுகளுக்கும் பொர்ஜாய் என்றுதான் பெயர். தெலுங்குப் பேப்பரில் ஒருவர் 'ரெண்டு பர்யாயாலு' எம்.எல்.ஏ.வாக இருந்தார் என்றால் இரண்டு தடவை இருந்தார் என்று அர்த்தம். மலையாளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 'பர்யாயம்' ஹிந்தி மாதிரியே ஒருபொருட்சொல்.

நம் வீட்டில்? என் பாட்டி, "ரெண்டு பர்யாயம் கூப்பிட்டாச்சு, காதுல விழல்லையா?" என்பாள். தெலுங்குக்காரர்களின் அதே 'தடவை'. இந்தப் பேச்சுவழக்கு பாட்டியோடு போய்விட்டது என்று நினைக்கிறேன். என் பெண்ணுக்குச் சொன்னால் சிரிக்கிறாள்.

உடுப்பியில்தான் இந்தச் சொல் தன் பழைய உருவத்தோடு நிற்கிறது. அங்கே கிருஷ்ணர் கோயில் பூஜை எட்டு மடங்களுக்குச் சொந்தம். இரண்டு வருஷத்துக்கு ஒரு மடம் என்று முறை வைத்துச் செய்கிறார்கள். இரட்டைப்படை ஆண்டுகளில் ஜனவரி 18 அன்று ஒரு மடம் பொறுப்பை அடுத்த மடத்திடம் ஒப்படைக்கிறது. ஒரு சுற்று முடிய 16 வருஷம். மத்வாசாரியர் காலத்தில் இரண்டு மாத முறையாக இருந்ததை வாதிராஜர் இரண்டு வருஷமாக மாற்றினார் என்பார்கள். இந்தக் கைமாற்றுக்குப் பெயர்தான் 'பர்யாய'.

'பரி' என்றால் சுற்றி. 'அய' என்பது போவது. சுற்றி வருவது, அதிலிருந்து முறை, அதிலிருந்து தடவை. சமஸ்கிருதத்தில் ஒருபொருட்சொற்களைத் திரட்டித் தருவதற்கே பேர்போன நூல் அமரகோசம். அதுவே பர்யாயம் என்ற சொல்லை ஆனுபூர்வி, பரிபாடி, அனுக்ரமம் என்ற வரிசைமுறைச் சொற்களோடுதான் உட்கார வைக்கிறது!

அப்படியானால் 'ஒரே பொருள்' எங்கிருந்து வந்தது? ஒரு இடத்தில் மாறி மாறி உட்காரக்கூடிய சொற்கள் என்பதால் வந்தது. நான் எழுந்தால் நீ, நீ எழுந்தால் இன்னொருவர். நாற்காலி ஒன்று, ஆட்கள் பலர். இதில் எங்கேயும் 'இரண்டும் ஒன்று' என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். எட்டு மடமும் ஒரே மடம் என்று உடுப்பியில் போய்ச் சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி :-)

சமணர்கள் இதே சொல்லை வேறு பக்கம் கொண்டுபோனார்கள். பொருள், அதன் குணம், அது எடுக்கும் நிலை. இந்த மூன்றாவதுதான் பர்யாயம். தங்கம் வளையலாக இருந்து, உருகிச் சங்கிலியாகிறது. தங்கம் தங்கம்தான், மாறியது பர்யாயம். நகைக்கடன் கொடுக்கிற எங்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். எங்களுக்கு வேண்டியது எடையும் மாற்றும்தான். ஆனால் வைத்துவிட்டுப் போகிற அம்மாளுக்கு அது அவள் அம்மா போட்ட வளையல். அவளிடம் போய் "அதே எடைக்கு வேறு வளையல் தருகிறோம், ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்ல முடியுமா?

தமிழில் நம் முன்னோர் உஷாராகத்தான் இருந்திருக்கிறார்கள். தொல்காப்பியம் திரிசொல்லை இரண்டாகப் பிரித்து, ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள், பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல் என்று வைத்தது. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகளே போட்டுவிட்டார்கள். 'நடு சென்டர்' மாதிரி ஒரே பொருளில் இரண்டு சொல் ஒட்டிக்கொண்டு வந்தால் அதற்கு ஒருபொருட்பன்மொழி என்று தனிப்பெயர். பர்யாயம் வேறு, இது வேறு.

சரி, இந்த ஆராய்ச்சியால் என்ன லாபம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

சமஸ்கிருதச் சொல்லாகப் போட்டுவிட்டால் இந்தியா முழுக்கப் புரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை அரசாங்கத்துக்கு உண்டு. ஹிந்திக்குப் புதுச் சொல் வேண்டுமானால் முதன்மையாக சமஸ்கிருதத்திலிருந்து எடு என்று அரசியல் சட்டத்தின் 351ஆவது பிரிவே சொல்கிறது. 1961இல் கலைச்சொல் ஆணையம் அமைத்து அகராதி அகராதியாகப் போட்டார்கள். அந்தச் சொற்கள்தான் எங்கள் படிவங்களில் வந்து குந்தியிருக்கின்றன.

ஹிந்தியில் கல்விக்கடன் 'சிக்ஷா ருண்'. மராத்தியில் சிக்ஷா என்றால் தண்டனை. கன்னடம், மலையாளத்திலும் அப்படியே. இங்கே ஒரு அப்பா படிவத்தைப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் சார் எழுதியிருக்கீங்க" என்று சிரித்தார். ஹிந்தியில் 'அவகாஷ்' லீவு. தமிழில் அவகாசம் என்றால் கெடு. மலையாளத்தில் உரிமை. ஹிந்தி ஏ.டி.எம். திரையில் 'விகல்ப்' தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. நம் ஊரில் யாரையும் விகல்பமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சமஸ்கிருதம் மட்டுமல்ல, பாரசீகமும் இப்படித்தான். லக்னோவில் ஒரு கடன்காரர் 'ராஜீநாமா' செய்யத் தயார் என்றதும், இவர் எந்த வேலையை விடப்போகிறார் என்று விழித்தேன். அங்கே அது சமரசப் பத்திரம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஒன்று மட்டும் சிரிப்பதாக இல்லை.

இருபது வருஷம் இருக்கும். உத்தரப் பிரதேசத்தில் ஒரு சின்னக் கிளை. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். கணவன் இறந்து ஒரு மாதம். கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்த டெபாசிட், நாமினியாக அவன் அண்ணன் பெயர். அண்ணன் ஏற்கெனவே வந்து பணத்தை வாங்கிப் போயாகிவிட்டது. அவள் கேட்டாள், "எனக்கு ஒன்றும் இல்லையா?" நான் ரெஜிஸ்டரைக் காட்டி, "வாரிஸ் என்று அவர் பெயர்தான் இருக்கிறது" என்றேன். ரெஜிஸ்டரில் இருந்தது நாமினி. என் வாயில் வந்தது வாரிஸ். கவுன்ட்டரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். தமிழ்நாட்டுக் கிளைகளிலும் "வாரிசு பேர் போடுங்க" என்பதுதான் வழக்கம். ரெண்டும் ஒண்ணுதானே!

ஒன்றல்ல. வங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்தால் அதன் பொறுப்பு தீருமோ, அவர் நாமினி. அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டுமோ, அவர் வாரிசு. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45இசட்ஏ பிரிவைப் பற்றி 2010இல் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. பெற்றுக்கொள்ளும் உரிமை நாமினிக்கு, சொத்துரிமை சட்டப்படி வாரிசுக்கு. 1956ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாவிட்டால் மனைவி, பிள்ளைகள், தாயார்தான் முதல் வகுப்பு. அவர்கள் இருக்கும்போது அண்ணனுக்குப் பங்கே கிடையாது.

வங்கி செய்ததில் தவறில்லை. நான் சொன்னதில்தான் தவறு. "பணம் அவர் கையில் இருக்கிறது, உரிமை உனக்கும் குழந்தைக்கும், வக்கீலைப் பார்" என்று மூன்று வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல்லின் நாற்காலியில் இன்னொரு சொல்லை உட்கார வைத்து அவளை அனுப்பிவிட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை.

2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று வந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் நான்கு பேருமே 'வாரிசு' ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டால் குழப்பமும் நான்கு மடங்கு. நாமினிக்கு 'நாமநிர்தேசித்', 'நியமனதாரர்' என்று எத்தனை மொழிபெயர்ப்பு போட்டாலும், அவர் உரிமையாளர் அல்ல என்று அதே படிவத்தில் உள்ளூர் ஆள் பேசுகிற மொழியில் ஒரு வரி இல்லையென்றால் பிரயோஜனமில்லை. அகராதியைப் பார்த்துப் படிவம் எழுதுபவர்கள், அச்சடிக்கும் முன்னால் கிளை வாசலில் நிற்கும் நாலு பேரிடம் அதைப் படித்துக் காட்டினால் புண்ணியமாகப் போகும்.

என் கிளையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கவுன்ட்டரில் யாராவது "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்வது காதில் விழுந்தால் எழுந்து போய்விடுவேன், எதுவும் எதுவும் ஒண்ணு என்று கேட்க. பையன்களுக்கு என்மேல் எரிச்சல்தான். இருக்கட்டும். பாட்டி மாதிரி ரெண்டு பர்யாயம் சொல்லிவிட்டேன். மூன்றாவது பர்யாயமும் சொல்வேன்.