அறுவை ஆய்வில் நேரும் பாதிப்பு: காரணத்தை யார் தீர்மானிப்பது?

அறுவைச் சிகிச்சை ஆய்வில் சேர்ந்த ஒருவருக்கு, பிறகு தொந்தரவு வந்தால், அது சிகிச்சையால் வந்ததா, நோயால் வந்ததா என்ற முடிவை அறுவை செய்த மருத்துவர் ஒருவரிடமே விடக் கூடாது. குமரி மாவட்டத்தில் நோயாளிகளுக்காகப் பேசிவரும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது.

இந்த மண்ணுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்து, அங்கேயே பணிக்குச் சேர்ந்தவர் டாக்டர் சோமர்வெல். குடற்புண்ணுக்கு அவர் ஏராளமாக அறுவை செய்தார். அக்காலத்தில் அந்நோய்க்கு இரைப்பையைச் சிறுகுடலோடு இணைப்பார்கள். வலி போகும். ஆனால் அமிலம் நேரே சிறுகுடலில் விழுவதால், சிலருக்கு மாதங்களோ வருடங்களோ கழித்து, இணைத்த இடத்திலேயே புதுப்புண் வரும். பழைய நோய் திரும்பிவிட்டது என்றுதான் தோன்றும். உண்மையில் அது அறுவையின் விளைவு. தையல் பிரித்ததோடு கணக்கை முடித்தால் இது தெரியவே வராது.

மருந்து ஆய்வின் அளவுகோல் இங்கே உதவாது. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். செய்த அறுவையை நிறுத்திப் பார்க்க முடியுமா? அறுவைச் சிக்கல்களைத் தரம்பிரிக்கும் கிளேவியன்–டிண்டோ வகைப்பாடு பாதிப்பின் கடுமையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. குடலிறக்கத்துக்கு மெஷ் (வலை) வைக்கப்பட்ட ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஆறு மாதம் கழித்து வலி என்று வந்தால், ‘சீக்கிரமே வேலைக்குப் போயிட்டீரு’ என்று அனுப்பிவிடுவது எளிது. வேலைக்குப் போனால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும் என்பது ஆய்வில் சேர்க்கும்போதே தெரிந்ததுதானே! ‘வழக்கமாக வருகிற சிக்கல்தான்’ என்பதும் பதிலாகாது. வழக்கமாக வருவதும் அறுவையால் வருவதே.

2019 புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், கடுமையான பாதிப்பை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கின்றன. ஆய்வாளர் தேவை எனக் கருதும்வரை அல்லது தொடர்பில்லை என்று நிறுவப்படும்வரை, எது முந்தியதோ அதுவரை, இலவச சிகிச்சையும் உண்டு. ஆனால் புது மருந்தோ புதுக் கருவியோ இல்லாமல் இரண்டு அறுவை முறைகளை மட்டும் ஒப்பிடும் ஆய்வுக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளும் ஆய்வை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவும்தான் காவல்.

ஆகவே, ஆய்வில் பங்கில்லாத இரண்டு அறுவை மருத்துவர்கள், ஒப்பிடப்படும் சிகிச்சைகளில் நோயாளி எந்தப் பிரிவில் இருந்தார் என்று தெரியாமலே ஒவ்வொரு பாதிப்பையும் மதிப்பிட வேண்டும். தழும்பே காட்டிக்கொடுத்துவிடும் இடங்களில் அதையும் அறிக்கையில் எழுத வேண்டும். தொடர்பில்லை என்று ஒதுக்கியவை உட்பட இரு பிரிவிலும் நேர்ந்த அனைத்தையும் வெளியிட வேண்டும். ஒரு பிரிவில் மட்டும் எண்ணிக்கை கூடியிருந்தால், தனித்தனிக் கருத்துகளைவிட அதுவே பெரிய சாட்சி. ஐயம் இருந்தால் சிகிச்சை சார்ந்ததாகவே கொள்ள வேண்டும். முடிவும் அதன் காரணமும் நோயாளிக்குத் தமிழில், எழுத்தில் தரப்பட வேண்டும். அதை மறுத்து நெறிமுறைக் குழுவிடம் முறையிடும் வழியும் அதே தாளில் இருக்க வேண்டும்.