நோவு பொறுத்தல் நோன்பாகுமா?

தமக்கு வந்துற்ற துன்பத்தைப் பொறுத்தலைத் தவத்தின் இலக்கணமாகக் கொண்டனர் நம் முன்னோர். உடல் நோவைப் பிறர்க்குப் புலப்படுத்தாது பல்லைக் கடித்துக் கிடப்பவனை நெஞ்சுரம் உடையவன் என்று இன்றும் பாராட்டுகின்றோம். தவநெறிக்கு இப்பண்பு ஏற்றதே. ஆயின், இருதயத்திற் சத்திரசிகிச்சை செய்துகொண்டு கட்டிலிற் கிடக்கும் நோயாளிக்கு இஃது ஏற்றதன்று. அவருக்கு நோவு தீர்த்தல் சிகிச்சையின் ஓர் உறுப்பே என்பது எமது துணிபு. நம் கல்லூரியின் பழைய மாணவருள் இச்சிகிச்சை பெற்றோரும் பெறவிருப்போரும் வைத்தியத் தொழில் புரிவோரும் உளராதலின், இம்மலரில் இதுபற்றிச் சில கூறுதல் பொருத்தமாகும்.

1953 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் நாள், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜோன் கிப்பன் என்னும் வைத்தியர், இருதயத்தின் தொழிலையும் சுவாசப்பையின் தொழிலையும் ஒரு பொறியிடம் ஒப்புவித்து, இளம்பெண் ஒருத்தியின் இருதயத்திலிருந்த துவாரத்தை அடைத்தார். அந்நெறி பின்னர் உலகெங்கும் பரந்தது. இன்று இத்தகைய சிகிச்சைகளுட் பெரும்பாலானவற்றில் மார்புப்பட்டை என்னும் நடுவெலும்பு நெடுக்காக அறுத்து விரிக்கப்படுகின்றது. முடிவில் உருக்குக் கம்பியாற் பிணைக்கப்படுகின்றது.

முறிந்த கையை அசையாவண்ணம் கட்டி வைக்கலாம். மார்பை அவ்வாறு வைத்தல் இயலுமோ? ஒவ்வொரு மூச்சும் அவ்வெலும்பை அசைக்கின்றது. இருமினால் நோவு பன்மடங்காகின்றது. அதற்கு அஞ்சிய நோயாளி மேல்மூச்சாகச் சிறிதே சுவாசிக்கின்றார், இருமலை அடக்குகின்றார். சுவாசப்பையின் அடிப்பகுதி சுருங்குகின்றது, சளி தேங்குகின்றது, நியூமோனியாக் காய்ச்சலுக்கு வழி பிறக்கின்றது. அன்றியும், கடும் நோவு இருதயத் துடிப்பை விரைவாக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றது. புதிதாகச் செப்பனிடப்பட்ட இருதயத்துக்கு அது வீண்சுமை. பொறுமையென்று நாம் போற்றுவது இங்ஙனம் சிகிச்சையின் பயனையே குறைத்து விடுகின்றது.

இந்நோவைத் தணிக்க நெடுங்காலம் பெரிதும் நம்பப்பட்டவை மோர்பீன் முதலாய அபின் இன மருந்துகள். அவை ஆற்றல் மிக்கன. எனினும் அளவு கூடின் உறக்கமும் குமட்டலும் மலச்சிக்கலும் தருவதோடு, மூச்சையும் மந்தப்படுத்துவன. ஆழ்ந்து சுவாசிக்க வேண்டிய ஒருவருக்கு மூச்சை மந்தமாக்கும் மருந்தை மிகுதியாகக் கொடுத்தல் முரண்பாடன்றோ?

இம்முரணுக்குத் தீர்வு தருவது நரம்புத் தடை. பல்லைக் களையுமுன் வைத்தியர் இடும் விறைப்பூசியை யாவரும் அறிவர். தத்துவம் அதுவே. 1884 ஆம் ஆண்டில் வியன்னா நகரில் கார்ல் கொல்லர் என்பார் கொக்கேயின் கரைசலாற் கண்ணை உணர்விழக்கச் செய்து காட்டியதிலிருந்து இக்கலை வளர்ந்தது. முண்ணாணிலிருந்து புறப்படும் நரம்புகள் விலா என்புகளுக்கிடையே ஓடி வந்து மார்புப்பட்டையை அடைகின்றன. மார்புப்பட்டையின் இருமருங்கிலோ, முதுகில் முள்ளந்தண்டை நிமிர்த்தி நிறுத்தும் தசையின் அடியிலோ விறைப்பு மருந்தைச் செலுத்தின், சோடியம் அயன்கள் நரம்பினுட் புகுதல் தடைப்படும். நோவுச் செய்தி மூளைக்குச் செல்லாது. அறிவு தெளிந்திருக்கும், மூச்சும் மந்தமாகாது. முதுகுத்தசையின் அடியில் மருந்திடும் முறையைக் கனடாவிலிருந்து மொரிசியோ பொரேரோவும் அவர்தம் துணைவரும் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். செவிக்குப் புலனாகாக் கழியொலி அலைகளால் ஊசிமுனை செல்லும் வழியைத் திரையிற் கண்டவாறே இம்மருந்தைச் செலுத்துகின்றனர்.

முண்ணாணுறைக்கு அண்மையில் மருந்திடும் பழைய முறையும் நோவை நன்கு தணிப்பதே. ஆயினும் இருதயப் பொறியை இயக்குங்கால் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பரின் கொடுக்கப்படுவதால், ஆண்டு இரத்தம் கசிந்து முண்ணாணை நெருக்கிக் கால்களை முடக்கிவிடுமோ என வைத்தியர் அஞ்சினர். அத்தகைய கேடு அரிதாயினும் கொடிது. புதிய முறைகளில் மருந்து முண்ணாணினின்றும் விலகிய இடத்தில் இடப்படுதலின் அவ்வச்சம் குறைகின்றது.

இதனைச் சர்வரோக நிவாரணி என்று கூறோம். ஒருமுறை இட்ட ஊசி பெரும்பாலும் ஒருநாட் பொழுதுக்குள் வலுவிழக்கும். மார்புப்பட்டையின் அருகே இடும் ஊசி, வயிற்றின் மேற்புறத்தில் இரத்தம் வடியச் செருகிய குழாய்களின் நோவை நன்கு தணிப்பதில்லை. மருந்து அளவுமீறி இரத்தத்திற் கலப்பின் வலிப்பும் இருதயத் துடிப்புக் கேடும் நேரலாம். ஆதலின் பயின்ற கையும் விழிப்பான கண்ணும் இன்றியமையாதன. பரசிற்றமோல் போன்றவையும் சிற்றளவு மோர்பீனும் துணையாக வேண்டப்படும். முதலிரு நாட்களின் நோவு குறைதல் தெளிவாயினும், நீண்டகாலப் பயன் இன்னும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை.

கருவியும் நிபுணரும் எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லையே எனின், உண்மையே. ஆயினும் செலவின்றிச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அஃது நோயாளியை வினவுதலும் அவர் மறையாது விடை கூறுதலுமாம். திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. ஆண்டு வலி என்பது ஆற்றல். வைத்தியசாலையில் வேண்டப்படும் வலியறிதல் வேறு. நோவை உணர்த்தத் தமிழிற் சொற்பஞ்சம் இல்லை. குத்து, உளைவு, எரிவு, கடுப்பு என்பன ஒரு பொருட் பன்மொழிகள் அல்ல. இருமும்போது எழும் குத்து வேறு. மார்பை விரித்தமையால் முதுகிலும் தோளிலும் தோன்றும் உளைவு வேறு. நரம்பு ஊறுபட்டமையால் நாட்பட நின்று வருத்தும் எரிவு வேறு. இவற்றுக்குச் சிகிச்சையும் வேறுபடும். "கொஞ்சம் நோகுது, பரவாயில்லை" என்று கூறி முகந்திருப்பும் முதியவர், வைத்தியர் கையிலிருந்த விளக்கைத் தாமே அணைத்தவர் ஆகின்றார்.

1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயிலிருந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். அம்மண்ணில், சிகிச்சைக்கு முன்னரே நோயாளிக்கு நோவின் இயல்பையும் அதனைத் தணிக்கும் வழிகளையும் அவர்தம் மொழியில் விளக்குதல் அரிதோ? வைத்தியராய் விளங்கும் பழைய மாணவர் இதனைக் கடமையாகக் கொள்வாராக. விஞ்ஞானம் பயிலும் மாணவர் தமிழையும் புறக்கணியாது பயில்வாராக. சிகிச்சைக்குச் செல்லும் அன்பர்கள், "என் நோவைத் தணிக்க யாது செய்யவிருக்கிறீர்கள்?" என்று வைத்தியரை நாணாது வினவுவாராக. அவ்வினா கோழைமையன்று, விரைந்து நலம்பெற விழையும் அறிவுடைமையே ஆகும்.