சிவப்புப் போனால் கண் சுகமாகிவிட்டது என்று அர்த்தமல்ல



கண்நோய் வந்த பிள்ளையைச் சுகமாகும் வரை வீட்டில் வைத்திருங்கள் என்று சொன்னால் பெற்றோர் பலருக்குப் பிடிப்பதில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தவணைப் பரீட்சை வரும், புலமைப்பரிசில் வகுப்பு இருக்கும், உம்மாவும் வாப்பாவும் வேலைக்குப் போகிற வீடாக இருக்கும். ஆகவே எப்படியாவது அந்தச் சிவப்பைப் போக்கினால் போதும் என்று பாமசிக்கு ஓடுகிறார்கள். "புள்ளைக்குக் கண் சிவந்திரிக்கி, ஒரு டியூப் தாங்க" என்று கேட்டால், டொக்டரின் துண்டைக் கேட்காமலே எடுத்துக் கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. அடுத்த நாளே சிவப்புக் குறைந்து, பிள்ளை வகுப்பில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. டியூப் நல்ல டியூப் என்று பக்கத்து வீட்டுக்கும் போகிறது.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். சிவப்புப் போவது வேறு, நோய் போவது வேறு.

அந்த டியூப்களில் பலவற்றில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று அன்டிபயோட்டிக். அது பக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. மற்றது ஸ்டெரொயிட். அது எந்தக் கிருமியையும் கொல்லாது. கிருமியோடு நமது உடம்பு நடத்துகிற சண்டையை அடக்கும், அவ்வளவுதான். சிவப்பும் வீக்கமும் அந்தச் சண்டையின் அடையாளம். யானைக் காவலுக்கு இருக்கிறவனை உறங்க வைத்துவிட்டு, வயல் அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவது போலத்தான் இந்தக் காரியம். வந்தது வைரஸ் கண்நோய் என்றால், கண் பார்க்க நன்றாக இருக்கும்போதே பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்கும் அதைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஸ்டெரொயிட் கெட்ட மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகும், கண்ணின் உட்பகுதி அழற்சிக்கும் வைத்தியர்கள் அதைத்தான் தருகிறார்கள். அது பல பேரின் பார்வையைக் காப்பாற்றுகிற மருந்து. ஆனால் அவர்கள் கருவியில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து, தேவையென்றால் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் புண் இருக்கிறதா என்று சோதித்து, அதன் பிறகுதான் தருகிறார்கள். பாமசி மேசைக்கு முன்னால் நின்று அதைப் பார்க்க முடியாது.

பார்க்காமல் போட்டால் என்ன நடக்கும்?

வாயோரத்தில் கொப்புளம் போடுகிற ஹெர்பிஸ் வைரஸ் கண்ணிலும் வரும். முதலில் சாதாரணச் சிவப்பு மாதிரித்தான் இருக்கும். அதற்கு ஸ்டெரொயிட்டை மட்டும் நம்பிப் போட்டால் கருவிழியில் உள்ள புண் பரவி, தழும்பாகிப் பார்வையை மறைத்துவிடும்.

இரண்டாவது, நமது விவசாயிகள் கட்டாயம் கேட்க வேண்டியது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் நெல்லோ பதரோ வைக்கோலோ கண்ணில் அடித்தால், அதோடு பூஞ்சணமும் உள்ளே போகலாம். பூஞ்சணப் புண்ணுக்கு ஸ்டெரொயிட் பட்டால், வயலுக்கு உரம் போட்ட மாதிரி அது வளரும். "தூசி விழுந்த, டியூப் ஒண்டு போட்ட, சரியாகிட்டு" என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கருவிழி உள்ளே அழுகிக்கொண்டிருக்கலாம். 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தானச் சங்கத்தின் மூலம் உலகத்துக்கே கருவிழி அனுப்பிய நாடு நமது நாடு. அந்த நாட்டில் ஒரு சின்ன டியூப்பினால் ஒருவர் கருவிழியை இழப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

மூன்றாவது, நாள்கணக்கில் இல்லாமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கு. ஸ்டெரொயிட் சிலருக்குக் கண்ணின் உள் அழுத்தத்தைக் கூட்டும். வலி இருக்காது, சிவப்பும் இருக்காது. ஓரப் பார்வை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு போகும். இதுதான் குளுக்கோமா. அதில் போன பார்வை திரும்பி வராது. நீண்ட காலம் போட்டால் கண்புரையும் வரும். கண் கடிக்கும் ஒவ்வாமைக்காகப் பிள்ளைகளுக்கு மாதம் மாதம் டியூப் வாங்குகிற பெற்றோர் இதைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போயிடும், வரிசையில நிக்க ஏலா" என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் தெரிய வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. சாதாரணக் கண்நோய்களில் பெரும்பாலானவை ஒன்று இரண்டு வாரத்தில் தானாகவே சுகமாகிவிடும். கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பூளையைத் துடைத்து, கையைக் கழுவி, துவாயையும் தலையணையையும் வேறாக வைத்துக்கொண்டு இருப்பது, தெரியாத டியூப்பைப் போடுவதைவிட எவ்வளவோ பாதுகாப்பானது.

ஆனால் பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே கண் வைத்தியரிடமோ கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும்:

- கண்ணுக்குள் கடும் வலி
- வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை
- பார்வை மங்குதல்
- கருவிழியில் வெள்ளைப் புள்ளி
- கண்ணில் அடிபட்டிருத்தல், நெல்லோ தூசியோ விழுந்திருத்தல்
- கொன்டக்ட் லென்ஸ் போடுகிறவராக இருத்தல்
- காய்ச்சலோடு இமை வீங்குதல்
- பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தையின் கண்ணில் பூளை

கடைசியில் சொன்னதைத் தாய்மார் கவனியுங்கள். பச்சைக் குழந்தையின் கண்ணில் தாய்ப்பால் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சில கிருமிகள் ஓரிரு நாளிலேயே கருவிழியைத் துளைத்துவிடும். கண்நோய் உள்ள நேரத்தில் ஸுர்மாவும் வேண்டாம். ஒரே குச்சியால் வீட்டில் எல்லோரும் இடுவது எப்போதுமே வேண்டாம்.

டொக்டர் பார்த்து டியூப் தந்தால் எப்படிப் பாவிப்பது?

1. முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பூளையை மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு பஞ்சு.

2. கீழ் இமையை இழுத்து, உள்ளே ஒரு சென்ரிமீற்றர் அளவு களிம்பை இடுங்கள். டியூப்பின் நுனி கண்ணிலோ இமையிலோ விரலிலோ படக் கூடாது. கண்ணை ஒன்றிரண்டு நிமிடம் மூடியிருங்கள்.

3. சொட்டு மருந்தும் தந்திருந்தால் முதலில் சொட்டு. ஐந்து பத்து நிமிடம் கழித்துக் களிம்பு.

4. களிம்பு இட்டதும் கொஞ்ச நேரம் பார்வை மங்கும். அது தெளியும் வரை மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள்.

5. சொன்ன நாள் வரை போடுங்கள். சுகமென்று இடையில் நிறுத்தவும் வேண்டாம், நல்லாயிருக்கு என்று நாளைக் கூட்டவும் வேண்டாம். இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

6. திறந்த திகதியை டியூப்பில் எழுதுங்கள். பொதுவாகத் திறந்து நான்கு வாரத்துக்குப் பிறகு எறிந்துவிட வேண்டும். ஒருவரின் டியூப் இன்னொருவருக்கு இல்லை, சொந்தத் தம்பியாக இருந்தாலும்.

7. தோலுக்குப் பூசுகிற கிரீமைக் கண்ணில் இடவே கூடாது. பெயரில் பாதி ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

பெட்டியில் உள்ள எழுத்தை வாசிக்கப் பழகுங்கள். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், ஹைட்ரோகோர்ட்டிசோன், ப்ரெட்னிசொலோன் என்று இருந்தால் அதில் ஸ்டெரொயிட் இருக்கிறது. உங்களால் முடியாவிட்டால் சாதாரண தரம் படிக்கிற மகளிடம் கொடுங்கள், வாசித்துச் சொல்வாள். அதற்குத்தானே படிக்க வைக்கிறோம்.

நோன்பு காலத்தில் பகலில் மருந்து போடாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாம் பின்பற்றுகிற ஷாஃபிஈ மத்ஹபின்படி கண்ணில் இடுகிற மருந்தால் நோன்பு முறியாது. சந்தேகமிருந்தால் உங்கள் மௌலவியிடம் கேளுங்கள், மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பாமசி வைத்திருக்கிற சகோதரர்களே, இவை டொக்டரின் துண்டுக்குக் கொடுக்க வேண்டிய மருந்துகள் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு டியூப்பில் வருகிற இலாபம் எவ்வளவு? "துண்டு கொண்டு வாங்க" என்று நீங்கள் சொல்கிற ஒரு வார்த்தை ஒருவரின் கண்ணைக் காப்பாற்றலாம். அதற்குரிய கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. வரவு குறையும், பாடம் விடுபடும் என்ற பயம்தான் பெற்றோரை அந்த டியூப்பின் பக்கம் தள்ளுகிறது. ஆகவே கண்நோயோடு வீட்டில் நிற்கிற பிள்ளைக்குப் பாடக் குறிப்பை அனுப்புவதும், திரும்பி வந்ததும் விட்ட பாடத்தைச் சொல்லிக் கொடுப்பதும் எங்கள் பொறுப்பு. கண்ணில் நீர் வடிவதும் பூளையும் நிற்கும் வரை பிள்ளையை வீட்டில் வையுங்கள். பாடத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

விட்ட பாடத்தை ஒரு கிழமையில் பிடித்துவிடலாம். விட்ட பார்வையைப் பிடிக்க ஏலாது.

அல்லாஹ் நமது பிள்ளைகளின் கண்களைப் பாதுகாப்பானாக. ஆமீன்.

இன்று இரவே அலுமாரியையும் குளிர்சாதனப் பெட்டியையும் ஒரு முறை திறந்து பாருங்கள். போன வருஷத்து டியூப் ஏதாவது கிடந்தால், நாளைக்கு அதை யாராவது எடுத்துப் போடுவதற்கு முதல் எறிந்துவிடுங்கள்.