விசாரணையின்றி விதித்த தண்டனை

புதுக்கோட்டைச் சாந்தியைப் பற்றிப் பேச்செடுத்தால், "ஊக்க மருந்து உண்டு ஓடிப் பதக்கத்தைப் பறிகொடுத்தவர்தாமே!" என்று படித்தவர்களே கூறக் கேட்கிறோம். இது உண்மையன்று. அவருடைய பதக்கத்தைப் பறித்தவர்கள்கூட அந்தக் குற்றத்தை அவர்மீது சாட்டவில்லை. சாட்டியிருந்தால் அவருக்கு நலமாக இருந்திருக்கும் என்று சொல்லத் துணிகிறேன். வியப்படைய வேண்டாம்; காரணத்தைக் கேளுங்கள்.

ஊக்க மருந்து வழக்குக்கென ஒரு முறை உண்டு. வீரரின் கண்முன்னே சிறுநீரை இரு புட்டிகளில் பிரித்து முத்திரையிடுவர். முதற்புட்டியில் மருந்து தென்பட்டால் அவருக்கு அறிவிப்பு வரும். இரண்டாம் புட்டியையும் சோதிக்கக் கோரலாம். விசாரணைக் குழுவின் முன் வாதாடலாம். அங்கே தோற்றால் மேல்முறையீடும் செய்யலாம். திருச்சிராப்பள்ளியை அடுத்த முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் தோகாவில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். நாண்ட்ரலோன் என்னும் மருந்தின் தடயம் கண்டு அவருக்கு நான்காண்டுத் தடை விதித்தார்கள். தாம் அப்படி எதையும் உட்கொண்டதில்லை என்று அவர் மறுத்தார். தீர்ப்பு சரியா, பிழையா என்பது வேறு பேச்சு. குற்றம் இன்னதென்று எழுத்தில் இருந்தது; தண்டனைக்கு ஒரு முடிவு நாளும் இருந்தது. 2023 மே மாதத்தில் அது முடிந்தது.

சாந்திக்கு எது இருந்தது?

கத்தக்குறிச்சியில், ஒடுக்கப்பட்ட சமூகத்தில், செங்கற்சூளைக் கூலிகளின் மகளாகப் பிறந்தவர் அவர். 2005இல் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டிலும் அதே ஓட்டத்தில், 2 நிமிடம் 3.16 விநாடியில், வெள்ளி வென்றார். கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் சபராளிகள் பிழைக்கப் போகும் அதே கத்தாரில், நம் மாவட்டத்துப் பெண் பதக்கமேடையில் நின்றார்! மகிழ்ச்சி சில நாள்களே நீடித்தது. பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்று கூறிப் பதக்கத்தைப் பறித்தார்கள். செய்தியைத் தொலைக்காட்சிகள் நாடெங்கும் பரப்பின. ஒரு பெண்ணின் உடலைப் பற்றி ஊரே பேசியது. சோதனையின் முடிவைத் தம் கையில் எவரும் தரவில்லை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். இறைவன் படைத்த உடலோடு ஓடியது தவிர அவர் செய்த குற்றம் யாது?

மகளிர் போட்டியில் சமநீதி வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பெண்கள் அனைவரையும் கட்டாயமாகப் பாலினச் சோதனைக்கு உட்படுத்துவதை உலகத் தடகளச் சங்கம் 1992இலேயே கைவிட்டது. ஒலிம்பிக் குழுவும் 1999இல் நிறுத்திற்று. 2025 செப்டம்பரில் தடகளச் சங்கம் மரபணுச் சோதனையை மீண்டும் கொண்டுவந்தபோது, விதியை முன்னதாக அறிவித்துவிட்டே நடைமுறைப்படுத்தியது. அதை ஏற்பவரும் எதிர்ப்பவரும் வாதிடலாம். ஓடி முடித்த பெண்ணைத் தனியே அழைத்துச் சென்று சோதித்துவிட்டு, பதக்கத்தைப் பிடுங்கியதற்கு என்ன வாதம் இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 2009இல் பெர்லினில் வென்ற 800 மீட்டர் தங்கம் இன்றும் அவரிடமே உள்ளது. அவர் நாடு அவருக்குத் துணை நின்றது. நியாயமான விசாரணை அவருக்குக் கிடைக்கவில்லை என்று 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே கூறிற்று. அயல்நாட்டுக் கதை எதற்கு? 2014இல் ஒடிசாவின் தூத்தி சந்த் ஒதுக்கப்பட்டபோது நம் இந்திய அரசே அவர் வழக்குக்குத் துணை நின்றது. லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் 2015இல் அந்த விதியை நிறுத்திவைத்தது. எட்டாண்டுகளுக்கு முன்னர் அந்தத் துணை எங்கே போயிருந்தது?

தமிழக அரசு மட்டும் 15 இலட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வழங்கியது. ஆயினும் 2012இல் சாந்தி மீண்டும் செங்கற்சூளையில் கூலி வேலை செய்தார். அதன்பின் பயிற்சியாளர் பட்டயம் பெற்று, அரசின் பயிற்சியாளராகிப் பிறர் பிள்ளைகளை ஓட வைத்தார். இதை இரக்கக் கதையாகப் படித்து முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இரக்கம் எளிது, எவருக்கும் செலவில்லை.

கேட்க வேண்டியது இந்திய ஒலிம்பிக் சங்கத்தை. 2006 சோதனை அறிக்கையைச் சாந்தியின் கையில் கொடுக்கட்டும். எந்த விதியின்படி, யார் கையொப்பமிட்டுப் பதக்கத்தைப் பறித்தார்கள் என்பதை எழுத்தில் சொல்லட்டும். சொல்ல இயலாதெனில், அந்த 2 நிமிடம் 3.16 விநாடியை ஆசிய விளையாட்டுப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே மீண்டும் எழுதக் கோரி, ஆசிய ஒலிம்பிக் மன்றத்துக்கு அச்சங்கமே விண்ணப்பிக்கட்டும்.