ஜூன் 30க்குள் நம் குரல் போய்ச் சேர வேண்டும்!



இப்போதுள்ள கொரோனா ஊரடங்கு ஆணை 2020 ஜூன் 30 அன்று முடிகிறது. அடுத்த ஆணையை எழுதும் வேலை அதற்கு முன்பே சென்னையில் தொடங்கிவிடும். எதைத் திறக்கலாம், எதை மூடி வைக்கலாம், வண்டியில் எத்தனை பேரை ஏற்றலாம், யாருக்குப் பயண அனுமதியான இ-பாஸ் வேண்டும் என்று எல்லாம் அதில் வரும். அந்தப் பட்டியலில் ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஓர் இடம் உண்டா? அந்தச் சந்தையை நம்பிக் கிடக்கும் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்ற ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கு ஒரு வரியாவது உண்டா? நாம் கேட்காமல் அந்த வரி வரப்போவதில்லை. நமக்கு இருப்பது இரண்டு வெள்ளிக்கிழமைகள்தான். ஆகவே இந்த அவசர அழைப்பு.

இதுவரை எந்த வரிசையில் திறந்தார்கள் என்று பாருங்கள். மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 தடையுத்தரவு வந்தது. மே 7 அன்று டாஸ்மாக் திறந்தது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போய் மே 15 அன்று தடை வாங்கி, 16ஆம் தேதி மறுபடியும் கடையைத் திறந்தது. மே 11 முதலே டீக்கடையில் பார்சல், ஜூன் 8 முதல் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடலாம். டீக்கடை திறந்ததில் எனக்கு வருத்தமில்லை. அங்கே கிளாஸ் கழுவுகிறவரும் நம்மவர்தான். ஆனால் சாராயக் கடைக்காக டில்லி வரை போய் வழக்காடத் தெரிந்த அரசுக்கு, ஆட்டுச் சந்தையை எப்படிப் பாதுகாப்பாகத் திறப்பது என்று உட்கார்ந்து யோசிக்க ஒரு நாள் கிடைக்கவில்லை. அதுதான் நம் கோபம்.

மலைக்காரருக்குச் சலுகையே தரவில்லை என்றும் சொல்ல முடியாது. ஏப்ரல் நடுவில் மத்திய உள்துறை அமைச்சகம், பழங்குடியினர் சிறு வன மகசூல் சேகரிக்கலாம், பதப்படுத்தலாம் என்று ஊரடங்கில் விலக்கு கொடுத்தது. மே 1 அன்று மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் 49 வகை வன மகசூலுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையை உயர்த்தியது. அதில் புளியும் உண்டு, தேனும் உண்டு. வரவேற்கிறோம். ஆனால் புளியை உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து வீட்டு மூலையில் குவித்து வைத்தவர் அதை எங்கே கொண்டுபோய் விற்பார்? சந்தை மூடிக் கிடக்கிறது. அடிவாரத்தில் அந்த விலைக்கு எடைபோட்டு வாங்க ஓர் இடம் இல்லாவிட்டால், அறிவித்த விலை யாருடைய வயிற்றை நிரப்பும்? வீட்டு வாசலுக்கே வண்டி கொண்டுவரும் வியாபாரி சொல்வதுதான் விலை. கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு அரிசி வாங்குகிறார்கள் நம் மக்கள். பறிக்க அனுமதி, விற்க வழியில்லை என்றால் அது பாதி திறந்த கதவுகூட இல்லை.

ஆட்டின் கதையும் இதுதான். ஆடிப் பட்டத்துக்கு முன் சாமை விதைக்க வேண்டும். ஏர் ஓட்ட, விதை வாங்க, பழைய கடனில் ஒரு பங்கு அடைக்கக் காசு வேண்டும். அந்தக் காசு இரண்டு கிடாவை ஒடுகத்தூருக்கு ஓட்டிவந்து விற்றால்தான் வரும். ஏப்ரலில் அரசு நிவாரணமாகக் கிடைத்த ஆயிரம் ரூபாய் அப்போதே கரைந்துவிட்டது. ரேஷன் அரிசி வருகிறது. அரிசி மட்டும் வைத்து விதைப்பு நடத்த முடியாது.

இங்கே நமக்குள் ஒரு வாதம் இருக்கிறது. அதை மூடி மறைக்க வேண்டாம். சந்தையை இந்த வெள்ளிக்கிழமையே திறந்துவிடு, பசியில் சாவதைவிட நோயில் சாவது மேல் என்கிறார்கள் சில தோழர்கள். மருந்து கண்டுபிடிக்கும்வரை திறக்கவே கூடாது, மலைக்கு ஒருமுறை நோய் ஏறிவிட்டால் இறக்க முடியாது என்கிறார்கள் வேறு சிலர். முதல் தரப்பின் பசி உண்மை. இரண்டாம் தரப்பின் பயமும் உண்மை. மூச்சு முட்டுகிறவரை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் இறங்கி, ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கிருந்து அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். சென்னையில் இருப்பவருக்கு 108ஐக் கூப்பிட்டால் வாசலுக்கு வரும். நமக்கு வராது. ஆகவே சென்னைக்காரரைவிட நாம்தான் அதிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

சென்னை கோயம்பேடு சந்தையை மறக்காதீர்கள். ஊரடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே அந்தச் சந்தையில் ஆயிரக்கணக்கானவர் நெருக்கியடித்து நின்றார்கள். மே 5 அன்று மூடுவதற்குள் தொற்று லாரிகளோடும் கூலித் தொழிலாளர்களோடும் கடலூருக்கும் அரியலூருக்கும் விழுப்புரத்துக்கும் போய்விட்டது. பிறகு ஊர் முழுக்க ஒரே பேச்சு: கோயம்பேட்டுக்காரன் கொண்டுவந்தான், கோயம்பேட்டுக்காரன் கொண்டுவந்தான். மூட்டை தூக்கியவர் தலையில் பழி விழுந்தது. சந்தையைச் சரியாக நடத்தாதவர்கள் அந்தப் பழியிலிருந்து நழுவிவிட்டார்கள். நாளை ஒடுகத்தூர் சந்தையைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து, அதிலிருந்து நோய் பரவினால், பழி யார் தலையில் விழும் என்று நான் சொல்ல வேண்டுமா? மலைக்காரன் கொண்டுவந்தான் என்பார்கள்.

அதே சமயம், சந்தை மூடியதால் வியாபாரம் நின்றுவிட்டது என்று யாரும் ஏமாற வேண்டாம். புளியந்தோப்பில் நடக்கிறது, சாலையோரத்தில் நடக்கிறது, விடியும் முன் நடக்கிறது. முகக்கவசம் கிடையாது, கை கழுவத் தண்ணீர் கிடையாது, போலீஸ் வண்டி வந்தால் ஆளும் ஆடும் சேர்ந்து ஓடுகிறார்கள். ஆபத்து அப்படியே இருக்கிறது. விலை மட்டும் இறங்கிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், திறக்க வேண்டும். நாமே வகுத்த ஒழுங்கோடு திறக்க வேண்டும்.

அந்த ஒழுங்கு எப்படி இருக்கும்? ஒரே நாளில் எல்லாரும் குவிய வேண்டாம். மலை ஊராட்சி மூன்றுக்கும் மூன்று வேறு வேளைகள் அல்லது வேறு நாள்கள். காய்கறிக் கடைகளைப் பேருந்து நிலையத்துக்கும் பள்ளி மைதானத்துக்கும் மாற்றத் தெரிந்த நிர்வாகத்துக்கு, ஆட்டுச் சந்தையையும் விரிந்த மைதானத்துக்கு மாற்றத் தெரியும். தண்ணீர்த் தொட்டியும் சோப்பும் நுழைவாயிலில் இருக்க வேண்டும். அதற்குப் பேரூராட்சி பொறுப்பு. காய்ச்சல், இருமல் உள்ளவர் வீட்டில் இருக்கட்டும். அவர் ஆட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டி வரட்டும், காசைக் கணக்காகக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவரிடம் அடுத்த மூன்று மாதத்துக்குச் சுங்கம் வாங்கக் கூடாது. சுங்கக் குத்தகைக்காரருக்கு நட்டம் என்றால் அரசு ஈடுகட்டட்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று. சந்தையில் தரகர்கள் பேரம் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போர்த்திக்கொள்வார்கள். துண்டுக்குள் ஒருவர் கை இன்னொருவர் கையைப் பிடிக்கும். விரலை அமுக்கி நூறும் ஆயிரமும் சொல்வார்கள். முகத்தோடு முகம் வைத்து நிற்பார்கள். ஆட்டுக்குச் சொந்தக்காரர் ஓரமாக நிற்பார். தன் ஆடு என்ன விலைக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. முடிந்தபின் ஒரு தொகை கையில் திணிக்கப்படும். ஒரு தரகர் ஒரு காலைப் பொழுதில் எத்தனை கைகளைப் பிடிப்பார், எண்ணிப் பாருங்கள். நோய் பரவ இதைவிட நல்ல வழி இல்லை. நம் மக்கள் ஏமாற இதைவிட நல்ல வழியும் இல்லை. துண்டுப் பேரத்தை நிறுத்துவோம். விலையை வாய்விட்டுச் சொல்லட்டும், கரும்பலகையில் அன்றைய விலையை எழுதட்டும். பாதுகாப்பும் நியாயமும் ஒரே இடத்தில் வந்து நிற்பது அபூர்வம், தோழர்களே. இந்த இடத்தில் நிற்கிறது. தரகர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

அடுத்தது ஜீப். மலையிலிருந்து இறங்கும் ஜீப்பில் எத்தனை பேர் தொற்றிக்கொண்டு வருவார்கள் என்பது ஊரறிந்தது. பாதி ஆளை ஏற்று என்று ஆணை சொல்லும். சரி. பாதி ஆளை ஏற்றினால் வாடகை இரட்டிப்பாகும். அந்த மிச்ச வாடகையை யார் கொடுப்பது? ஓட்டுநரும் ஏழை, பயணியும் ஏழை. இடைவெளிக்கு ஒரு விலை உண்டு. அதை மலைக்காரர் மடியிலிருந்தே எடுக்கக் கூடாது. சந்தை நாளிலும் ஆஸ்பத்திரி நாளிலும் அரசு செலவில் வண்டி ஓட வேண்டும். இதை நாம் அரசுக்குக் கொடுக்கப்போகும் மனுவில் முதல் கோரிக்கையாக வையுங்கள்.

மண்டல விஷயமும் அப்படித்தான். ஜூன் 1 முதல் தமிழ்நாட்டை 8 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வேலூரும் திருப்பத்தூரும் இரண்டாம் மண்டலம். திருவண்ணாமலை மூன்றாம் மண்டலம். ஜவ்வாது மலையோ மூன்று மாவட்டத்திலும் கிடக்கிறது. பீஞ்சமந்தைப் பக்கத்திலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்து ஜமுனாமரத்தூர் பக்கத்துக்குப் பெண் கொடுத்தவர், மகளுக்குப் பிரசவம் என்று காட்டு வழியாக நடந்து போனால் இ-பாஸ் இல்லாமல் மண்டலம் தாண்டிய குற்றம். இ-பாஸ் வாங்க இணையம் வேண்டும். மலையில் பல ஊர்களில் செல்போன் சிக்னல் கிடைக்க ஒரு பாறை தேடிப் போக வேண்டும். மாவட்டக் கோட்டை வரைந்தவர்கள் காகிதத்தில் வரைந்தார்கள். மலையை ஒரே பகுதியாகக் கணக்கில் எடு, மலைக்குள் நடக்கும் பயணத்துக்கு இ-பாஸ் கேட்காதே என்பது நம் கோரிக்கை. வெளியிலிருந்து மலைக்கு வருபவர்களுக்குப் பரிசோதனை இருக்கட்டும், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வெளியிலிருந்து வருபவர்கள் என்றால் பெரும்பாலும் நம் பிள்ளைகள்தான். கேரளத் தோட்டங்களிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வேலை போய்த் திரும்பியவர்கள். 14 நாள் தனிமை என்று சொல்லி ஒற்றை அறைக் குடிசைக்கு அனுப்புகிறார்கள். அங்கே தாத்தாவும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். பள்ளிக் கட்டடங்கள் மார்ச் 17 முதல் சும்மா கிடக்கின்றன. அவற்றைத் திறந்து, பாயும் சாப்பாடும் கொடுத்துத் தங்க வையுங்கள். திரும்பி வந்தவரைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கும் பழக்கம் நம் ஊர்களிலும் தலைகாட்டுகிறது. அதை அங்கேயே தட்டிக் கேளுங்கள்.

திரும்பி வந்தவருக்கு இங்கே வேலை இல்லையென்றால் யார் வருவார்கள் என்பதும் நமக்குத் தெரியும். செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகன் வருவான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தத் தரகனுக்கு எந்த மண்டலமும் கிடையாது, எந்த இ-பாஸும் கிடையாது. நூறு நாள் வேலையை மலையில் முழுவீச்சில் தொடங்கு, 2020க்கு அறிவித்த தினக்கூலி 256 ரூபாயைக் குறைக்காமல் கொடு, வயதானவர்களை வீட்டில் இரு என்று சொன்னால் அவர்கள் கூலியை வீட்டுக்கு அனுப்பு.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்குத் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். ஜூன் 15 அன்று தொடங்கவிருந்த பத்தாம் வகுப்புத் தேர்வை 9ஆம் தேதி ரத்து செய்தது சரியான முடிவு. ஆனால் உண்டு உறைவிடப் பள்ளி மூடியதால் மலைப் பிள்ளைக்குப் போனது பாடம் மட்டும் இல்லை, மூன்று வேளைச் சோறும் போனது. அந்த அரிசியையும் பருப்பையும் முட்டையையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், இந்த மாதமே.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர் இருக்கிறார். வேலூர் மாவட்டம் பிரிந்த காரணத்தால் 2019 டிசம்பரில் நமக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. 2016 அக்டோபரிலிருந்து நம் ஊராட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லை, தனி அலுவலர்தான். மே 1 கிராம சபையும் நடக்கவில்லை. ஊரடங்கைத் தளர்த்த உலக சுகாதார நிறுவனம் ஏப்ரலில் ஆறு நிபந்தனைகள் சொன்னது. ஆறாவது, மக்களுக்கு விவரம் சொல்லி, அவர்களையும் ஈடுபடுத்தி, அவர்கள் கையில் பொறுப்பைக் கொடுக்க வேண்டும் என்பது. ஜெனிவாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே தெரிந்தது இது. நம்மைக் கேட்க நாற்காலி இல்லை என்றால் நாமே போய் நிற்போம்.

செய்ய வேண்டியது இதுதான். கூட்டம் போட முடியாது, 144 இருக்கிறது. நான்கு நான்கு பேராகப் போவோம். ஒவ்வொரு குக்கிராமத்திலும் இரண்டு தோழர்கள், ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும், வீடு வீடாகத் திண்ணைக்கு வெளியே நின்று மூன்று கேள்வி கேளுங்கள்: உங்களுக்கு முதலில் எது திறக்க வேண்டும்? எதற்கு இன்னும் பயப்படுகிறீர்கள்? வீட்டில் வயதானவர், மூச்சு நோய் உள்ளவர், கர்ப்பிணி எத்தனை பேர்? திறக்காதே என்று சொல்பவரின் பதிலையும் அப்படியே எழுதுங்கள். நமக்குப் பிடிக்காத பதிலை விட்டுவிட்டால் மனுவுக்கு மதிப்பில்லை. வரும் வியாழக்கிழமை மாலைக்குள் தாள்கள் ஒடுகத்தூருக்கு இறங்க வேண்டும். மறுநாள் நான்கு பேர் பேரூராட்சி செயல் அலுவலரிடம், நான்கு பேர் அணைக்கட்டு வட்டார வளர்ச்சி அலுவலரிடம், நான்கு பேர் வேலூரில் ஆட்சியர் அலுவலகத்தில். மூன்று இடத்திலும் ஒப்புகை வாங்காமல் திரும்பக் கூடாது.

எல்லோரும் துண்டாலோ துணியாலோ மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு போங்கள். கையெழுத்துப் போடுகிறவர் சொந்தப் பேனாவில் போடட்டும். கைநாட்டுக்கு ஒரே மைப்பெட்டியை ஊர் முழுக்கச் சுற்றவிடாதீர்கள். ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் கூடவே போகட்டும், கைநாட்டு வைக்கும் முன்பும் வைத்த பின்பும் கை கழுவச் சொல்லுங்கள். ஜார்தான்கொல்லைப் பக்கத்துத் தோழர்களுக்கு நடை அதிகம், அவர்கள் செவ்வாய்க்கிழமையே தொடங்கிவிடுங்கள்.